120 மாணவர்களுக்கு ஒரு ஸ்கில் லேப்: எதை முதலில் வாங்குவது?

#1 கைப்பழக்கம்

மருத்துவம், செவிலியம், ஆய்வகத் தொழில்நுட்பம் மூன்று பிரிவுக்கும் பொதுவாக ஒரு திறன் பயிற்சிக்கூடம் வருகிறது. ஆண்டுக்கு 120 பேர். இப்போதைய திட்டத்தில் முக்கால்வாசித் தொகை ஒரே ஒரு பெரிய கணினி மேனிகினுக்கு, அதாவது மனித உருவப் பொம்மைக்கு, போகிறது. அது பேசும், மூச்சு விடும், நாடி துடிக்கும், கண்மணி சுருங்கும். மீதிப் பணத்தில் ஊசி போடும் கை இரண்டு, சி.பி.ஆர். (நெஞ்சழுத்தி உயிர்மீட்பு) பழகும் உடல் இரண்டு, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடும் மாதிரி ஒன்று.

இந்தப் பங்கீடு சரியா? அறை, தண்ணீர், சேமிப்பு, பராமரிப்பு இவற்றில் எதை இப்போதே யோசிக்காவிட்டால் பின்னால் திருத்த முடியாது? விற்பவர்களின் கையேட்டில் இல்லாத விஷயங்கள்தான் வேண்டும்.

#2 ஏழாம்_படுக்கை

பங்கீடு தலைகீழாக இருக்கிறது. பொருளிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு மாணவர் கையில் ஒரு செயல் எத்தனை முறை நடக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

நரம்பில், அதாவது ரத்தக்குழாயில், கேனுலா (ஊசிமேல் பொருத்திய மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) ஏற்றுவதையே எடுத்துக்கொள்வோம். ஆளுக்குப் பத்து முறை என்று வைத்தால் 120 பேருக்கு 1,200 முறை. கை கழுவுவது, தட்டு தயார் செய்வது, டூர்னிக்கெட் (கையை இறுக்கும் பட்டை) கட்டுவது, குத்துவது, ஒட்டுவது, கழிவைப் போடுவது எல்லாம் சேர்த்து ஒரு முறைக்கு 12 நிமிடம். மொத்தம் 240 மணி நேரம். இரண்டு கைதான் இருக்கிறது என்றால் 120 மணி நேர வகுப்பு, நாலு கை இருந்தால் 60. இரண்டு மணி நேர வகுப்பாகப் பிரித்தால் 30 வகுப்புகள். ஒரு கைக்கு இருவர், அதாவது ஒருவர் செய்ய, மற்றவர் சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் வைத்துக் கவனிக்க. அப்படி ஒரு வகுப்பில் எட்டுப் பேர் இருப்பார்கள், ஆளுக்கு ஐந்து முறை கிடைக்கும். ஒவ்வொருவரும் இரண்டு வகுப்பு வந்தால் பத்து முடிந்தது.

இந்தக் கணக்கை ஒவ்வொரு செயலுக்கும் போட்டுப் பாருங்கள். எத்தனை கை, எத்தனை கேனுலா, எத்தனை ஆசிரியர் நேரம் என்று தானாக வந்து நிற்கும். பெரிய மேனிகினைச் சுற்றி ஒரே சமயத்தில் ஐந்தாறு பேருக்குத்தான் வேலை இருக்கும். மற்றவர்கள் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அது குழுவாக வேலை செய்யப் பழக்கும் கருவி. ஊசி பிடிக்கவே கை நடுங்குகிறவரை அதன் முன்னால் நிறுத்திப் பயனில்லை. முதல் ஆண்டில் அதை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

#3 குழாய்க்காரர்

ஏழாம்_படுக்கை சொன்ன கணக்குல ஒண்ணு விட்டுப்போச்சு. நாலு கை வாங்கினா நாலு கையும் ஓடணும்ல? மேல் தோலும் உள்ள இருக்கிற ரத்தக்குழாய் டியூபும் தேய்மானப் பொருள். அதையும் சேர்த்தே வாங்கணும். கை ஒண்ணுக்கு மாத்துத் தோல் ரெண்டு, டியூப் செட் ரெண்டு அலமாரியில இல்லாம வகுப்பு ஆரம்பிக்காதீங்க.

ஐ.வி. கையில, அதாவது இந்த ஊசி போடுற கையில, என்னென்ன கெடும், ஏன் கெடும்னு சொல்றேன்.

முதல் எதிரி ஒரே இடத்துல குத்துறது. பழைய ஓட்டை தெரியுது, மாணவர் அதைப் பார்த்தே குத்துறார். நரம்பை விரலால தடவிக் கண்டுபிடிக்கிற பழக்கமே வராது. அந்த இடத்துல டியூப் கிழிஞ்சு தோலுக்குக் கீழ தண்ணி தேங்கும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பகுதி ஒதுக்குங்க: இன்னிக்கு முன்கை, அடுத்த தடவை புறங்கை, அப்புறம் முழங்கை மடிப்பு. டியூப்ல எங்க கசியுதோ அந்தப் பகுதியைக் கொஞ்சம் இழுத்து நகர்த்தி வச்சாலே ஆயுசு நீளும்.

ரெண்டாவது, தடிமனான ஊசி (எண் குறையக் குறைய தடிமன் கூடும்). 16 சாம்பல், 14 ஆரஞ்சு ரெண்டும் தோலைச் சீக்கிரம் கொன்னுடும். பழக 20 பிங்க், 22 நீலம் போதும். 18 பச்சையை மதிப்பீட்டுக்கு மட்டும் வைங்க.

மூணாவது, போலி ரத்தம். சர்க்கரைப் பாகு, மாவு கலந்து கெட்டியா செஞ்சா பார்க்க அழகா இருக்கும், உள்ள காய்ஞ்சு அடைச்சுக்கும், பூசணமும் பிடிக்கும். தண்ணியில சிவப்புச் சாயம் கொஞ்சம், அவ்வளவுதான்.

நாலாவது, வகுப்பு முடிஞ்சதும் அப்படியே பெட்டியில வச்சு மூடுறது. இதுதான் பெரும்பாலான கைகளோட சாவுக்குக் காரணம். பையைக் கழட்டி, நல்ல தண்ணி விட்டு நிறம் போற வரைக்கும் அலசி, 50 மில்லி சிரிஞ்சால காத்தைத் தள்ளி மிச்சத் தண்ணியை வெளியேத்தணும். அப்புறம் விரல் கீழ பார்க்க தொங்கவிடணும். தோலைக் கழட்டி உள்பக்கமும் காயணும். திரும்ப மாட்டும்போது உள்ள கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினா வழுக்கிக்கிட்டுப் போகும், இழுத்துக் கிழிக்க வேண்டாம்.

அயோடின் கலந்த மருந்து, பேனா மை, அச்சடிச்ச காகிதம் இதுல எதுவும் தோல் மேல படவே கூடாது. அந்தக் கறை போகவே போகாது. செய்தித்தாள் விரிச்சு அதுமேல கையை வச்சா எழுத்து அப்படியே ஏறிக்கும்.

#4 ஊசிமுனை

குழாய்க்காரரே, ரத்தப் பையை எந்த உயரத்தில் தொங்கவிடுவது என்பதையும் சொல்லிவிடுங்கள். மாணவர் சரியாகக் குத்தியும் கேனுலாவில் ரத்தம் தெரியவில்லை என்ற புகார் எல்லா லேபிலும் உண்டு. அவர் உடனே ஊசியை ஆழமாகத் தள்ளுவார், பின்சுவரும் கிழியும்.

#5 குழாய்க்காரர்

அது பெரும்பாலும் மாணவர் தப்பு இல்ல, குழாயில காத்து நிக்குது. மேல ஒரு பை, கீழ ஒரு காலிப் பை. மேல் பையைக் கைக்கு அரை மீட்டர் உயரத்துல தொங்கவிடுங்க. ரெண்டு கிளாம்பையும் திறந்து, கீழ்ப் பைக்குக் குமிழி இல்லாம தண்ணி வர்ற வரைக்கும் ஓடவிடுங்க. அப்புறம் கீழ் கிளாம்பை மூடுங்க, மேல் கிளாம்பைத் திறந்தே வைங்க. தடவினா நரம்பு மெத்துன்னு எழும்பி நிக்கணும். பை ரொம்ப மேல போனா குத்தின இடமெல்லாம் பீச்சும், தாழ்ந்தா ரத்தம் ஏறாது. ஒவ்வொரு நாளும் மாணவர் வர்றதுக்கு முன்னாடி ஆசிரியரோ நானோ ஒரு தடவை குத்திப் பார்த்துட்டுத்தான் கையை ஒப்படைக்கணும்.

#6 ஊசிமுனை

நன்றி. இனி கற்பிக்கும் பக்கம்.

கேனுலா ஏற்றுவதில் புதியவர் தோற்கும் இடம் ஒன்றுதான். ஊசியின் பின்னால் உள்ள சிறு அறையில் ரத்தம் தெரிந்த அந்தக் கணமே பிளாஸ்டிக் குழாயைத் தள்ளத் தொடங்கிவிடுகிறார். அப்போது நரம்புக்குள் இருப்பது ஊசியின் சாய்ந்த முனை மட்டும். குழாயின் நுனி அதற்குச் சற்றுப் பின்னால், நரம்புச் சுவருக்கு வெளியே நிற்கிறது. தள்ளினால் சுவரில் முட்டி மடங்கும். ரத்தம் தெரிந்ததும் கோணத்தைத் தாழ்த்த வேண்டும். தோலோடு கிட்டத்தட்டப் படுத்த நிலையில் மொத்தமாக இன்னும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் முன்னே கொண்டுபோய், அதன் பிறகே ஊசியை அசையாமல் பிடித்துக் குழாயை மட்டும் தள்ள வேண்டும். "ரத்தம், தாழ்த்து, கொஞ்சம் முன்னே, தள்ளு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். மாணவர் சொல்ல ஆசிரியர் செய்வது, பிறகு மாணவரே சொல்லிச் செய்வது என்ற வரிசை 1998-இல் அறுவை மருத்துவர் பேட்டன் எழுதிய நான்கு படி முறையில் உள்ளது. முதல் படியில் ஆசிரியர் ஒரு வார்த்தையும் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்துகாட்ட வேண்டும். பலர் அதைத் தவிர்த்துவிட்டு விளக்கத்தில் இறங்கிவிடுகிறார்கள். முழுச் செயல் எப்படி ஓடும் என்ற படம் மாணவர் மனதில் விழாமலே போகிறது.

செலவைக் குறைக்க ஒரே கேனுலாவை அதே மாணவருக்கு இரண்டு மூன்று முறை கொடுக்கலாம். நுனி மழுங்கும், தோல் கொஞ்சம் இழுக்கும், ஆனால் கை பழகும்.

#7 ஏழாம்_படுக்கை

இதை நான் கடுமையாக மறுக்கிறேன், ஊசிமுனை. மறுபடி பயன்படுத்த வேண்டுமென்றால் வெளியே எடுத்த ஊசியை மீண்டும் குழாய்க்குள் செருக வேண்டும். நோயாளியிடம் செய்யவே கூடாத காரியம் அதுதான். நரம்புக்குள் இருக்கும் குழாயில் ஊசியைத் திரும்பச் செருகினால் பிளாஸ்டிக் நுனி அறுந்து ரத்தத்தோடு போய்விடும். அந்தச் செருகலைப் பயிற்சிக்கூடத்தில் இருபது முறை செய்த கை, முதல் தோல்வியின் பதற்றத்தில் வார்டிலும் அதையே செய்யும். மழுங்கிய ஊசி கற்றுத்தருவதும் தவறான அழுத்தம். ஊசி தானாக உள்ளிழுத்துக்கொள்ளும் பாதுகாப்பு வகை என்றால் மறுபயன்பாடு என்ற பேச்சே கிடையாது.

#8 ஊசிமுனை

செருகும் பழக்கம் பற்றிச் சொன்னது சரி, நான் அதை அப்படி யோசிக்கவில்லை. திருத்திக்கொள்கிறேன். கேனுலா எண்ணிக்கையைக் குறைக்க வேறு வழி இருக்கிறது: முதல் மூன்று முறை குத்தாமலே ஒத்திகை. தட்டு தயார் செய்வது, டூர்னிக்கெட், நரம்பு தேடுவது, பிடி, ஒட்டுவது எல்லாம் நடக்கும், ஊசி மட்டும் உறையோடு இருக்கும். வரிசை தடுமாறுகிறவர்தான் கேனுலாவை வீணாக்குகிறவர். மீதி ஏழு முறைக்கும் புதியது.

#9 மாதிரிக்குழாய்

மூன்று பிரிவுக்கும் பொது என்று சொல்லிவிட்டு ஆய்வக மாணவர்களை மறந்துவிட்டீர்கள். ரத்தம் எடுக்கும் பயிற்சியில் குத்துவது பாதிதான். எந்தக் குழாயை எந்த வரிசையில் நிரப்புவது என்பது மீதி. ரத்தக் கல்ச்சர் புட்டி முதலில், பிறகு இளநீல மூடி சிட்ரேட், அடுத்து சிவப்பு அல்லது பொன்னிற சீரம் குழாய், பச்சை ஹெப்பரின், ஊதா இ.டி.டி.ஏ., கடைசியில் சாம்பல் ஃபுளோரைடு.

வரிசையை மனப்பாடமாகக் கொடுக்காமல் காரணத்தோடு கொடுங்கள். ஊதாக் குழாயில் இருப்பது பொட்டாசியம் உப்பு. அதிலிருந்து துளி சீரம் குழாய்க்குப் போனால் பொட்டாசியம் பொய்யாக உயரும், கால்சியம் பொய்யாகக் குறையும். ஒரு துளிக் கவனக்குறைவால், நலமாக இருப்பவருக்கு அவசரச் சிகிச்சை தொடங்கிவிடக்கூடும்.

இதைப் பழகக் காலாவதியான குழாய்கள் தாராளமாகப் போதும். ஆனால் ரத்தத்தை இழுக்கும் வெற்றிடம் போன குழாயில் தண்ணீர் ஏறாது, மாணவர் தன் குத்து தவறு என்று நினைத்துக் குழம்புவார். வகுப்புக்கு முன் பெட்டிக்கு ஒன்று சோதியுங்கள். குலுக்குவதற்கும் கவிழ்ப்பதற்கும் வேறுபாட்டைக் கையால் காட்ட வேண்டும்: சிட்ரேட் 3 முதல் 4 முறை, இ.டி.டி.ஏ. 8 முதல் 10 முறை, மெதுவாக முழுதாகக் கவிழ்த்து நிமிர்த்துவது. குலுக்கினால் சிவப்பணு உடையும். டூர்னிக்கெட் ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அதற்கு எல்லா மேசையிலும் நொடி முள் தெரியும் கடிகாரம் வேண்டும். இறக்கைப்பிடி ஊசியால் எடுக்கும்போது சிட்ரேட் முதலில் வந்தால், இணைப்புக் குழாயில் உள்ள காற்றை வெளியேற்ற ஒரு வீண் குழாயை முன்னால் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் சிட்ரேட் குழாயில் ரத்தம் குறைந்து விகிதம் கெடும். பயிற்சிக் கையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: அளவுக்கோடு எட்டாமல் நிற்கும்.

லேபிளை நோயாளியின் அருகிலேயே, ரத்தம் எடுத்த பிறகு ஒட்டுவதையும் ஒவ்வொரு முறையும் செய்ய வையுங்கள்.

#10 மூச்சுப்பை

சி.பி.ஆர். உடல் இரண்டு போதாது. எட்டுப் பேருக்கு இரண்டு என்ற கணக்கில் வைத்தால் தேவலை. முழு உடல் வேண்டியதில்லை, மார்பளவு போதும். ஆழமும் வேகமும் காட்டும் வகையாக மட்டும் பாருங்கள். பெரியவருக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலெழ வேண்டும். கடைசியாகச் சொன்னது கண்ணுக்குத் தெரியாது. களைத்தவர் தன்னை அறியாமலே மார்பில் சாய்ந்து நிற்பார். அதைச் சொல்வது கருவிதான். டிக் என்று சத்தம் மட்டும் போடும் பழைய உடல்களில் மாணவர் சத்தத்துக்காக அழுத்துவார், விடுவதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். ஸ்பிரிங் தளர்ந்த உடல் இன்னும் மோசம். எளிதாக அழுந்தும், அதில் பழகியவர் உண்மையான மார்பில் ஆழம் போதாமல் நிற்பார்.

தரையில் ஒரு சுற்று, கட்டிலில் ஒரு சுற்று கட்டாயம். மெத்தையும் சேர்ந்து அமுங்குவதால் கட்டிலில் ஆழம் ஏமாற்றும். பலகையை முதுகுக்குக் கீழே வைப்பது, கட்டில் உயரத்தைத் தாழ்த்துவது, அழுத்துபவர் காலடிப்படியில் ஏறி நிற்பது இவையெல்லாம் தரையில் பழகினால் வராது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவதையும் இங்கேதான் பழக்க முடியும்.

முகத்தை ஒவ்வொருவருக்கும் இடையே 70 சதவீத ஆல்கஹால் துணியால் துடைத்து உலரவிடுங்கள். நாள் முடிவில் கழற்றி, சோப்பு நீரில் கழுவி, 500 பி.பி.எம். ஹைப்போகுளோரைட்டில் பத்து நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். 5 சதவீதக் கரைசல் என்றால் ஒரு பங்குக்கு 99 பங்கு தண்ணீர். அன்றன்று கலக்க வேண்டும், நேற்றைய கரைசலில் வீரியம் இருக்காது. நுரையீரல் பைகளைக் கழுவி மறுபடி போட முயலாதீர்கள், எறிந்துவிடுங்கள்.

மூச்சுக்குழாய் போடும் தலை மாதிரிக்கு உற்பத்தியாளர் சொல்லும் சிலிக்கான் ஸ்பிரே மட்டும். பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் ரப்பர் ஊறிப் பிசுபிசுக்கும். எண்ணெய்ப்பசையே இல்லாமல் உலர்ந்திருந்தால் குழாய் ஒட்டிக்கொள்ளும், மாணவர் வலு கொடுக்க மேல்பல்லை நெம்புகோலாக்கிவிடுவார். அந்தப் பழக்கம் ஒட்டிவிட்டால் பிறகு பிரிப்பது பாடு.

#11 கைப்பழக்கம்

எல்லோருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றி எழுதுகிறேன். கட்டடப் பணி இன்னும் தொடங்கவில்லை. அறை பற்றி யாராவது சொல்ல முடியுமா?

#12 ஏழாம்_படுக்கை

அப்படியென்றால் நல்ல நேரத்தில் கேட்டீர்கள். கட்டடம் முடிந்தபின் திருத்த முடியாதவை இவை.

கைகழுவும் தொட்டி பயிற்சி அறைக்குள்ளேயே, முழங்கையால் திறக்கும் குழாயோடு. தொட்டி வராந்தாவில் இருந்தால் மாணவர் கை கழுவுவதை நடித்துக்காட்டுவார். ஆல்கஹால் தேய்க்க 20 முதல் 30 நொடி, சோப்பு நீரில் கழுவ 40 முதல் 60 நொடி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடிப்பில் அது மூன்று நொடியாகிவிடும், அந்த மூன்று நொடிதான் வார்டுக்கும் போகும்.

கட்டிலைச் சுற்றி மூன்று பக்கமும் ஒரு மீட்டராவது வெற்றிடம். உயரம் மாற்றும் உண்மையான கட்டில், சுவரில் ஆக்சிஜன், உறிஞ்சுகுழல் முகப்பு. காற்று வருகிறதோ இல்லையோ, முகப்பு இருந்தால்தான் எதை எங்கே இணைப்பது என்பது கைக்குப் பழகும். ஊசிக் கையைச் சாதாரண மேசையில் வைக்காதீர்கள். குனிந்து குத்தப் பழகிவிடுவார்கள். தரை ஈரம் தாங்கும், வழுக்காத விரிப்பாக இருக்கட்டும், தண்ணீர் சிந்தாத நாளே இருக்காது.

சேமிப்பறையை எல்லோரும் சிறிதாகப் போடுகிறார்கள். மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கினால் கூட நிரம்பிவிடும். காய வைக்கும் தொங்குகம்பி, ஆழமான தொட்டி, தரை வடிகால் மூன்றும் அதற்குள்ளேயே வேண்டும். பின்னாளில் பெரிய மேனிகின் வருமென்றால் காற்றழுத்த இயந்திரத்துக்கு வெளியே ஒரு மூலையும், கட்டுப்பாட்டு அறைக்கு ஒருபக்கக் கண்ணாடிச் சுவரும், கம்பி போகக் குழாயும் இப்போதே விட்டுவையுங்கள்.

#13 மருந்தலமாரி

மருந்து, திரவங்கள் பற்றி யாரும் பேசவில்லை. இது உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

2014-இல் அமெரிக்காவில் பயிற்சிக்கென்றே செய்த உப்புக்கரைசல் பைகள் சிகிச்சை நிலையங்களுக்குள் போய், 40-க்கும் மேற்பட்டவர்களுக்கு நரம்பில் ஏற்றப்பட்டன. கிருமிநீக்கம் செய்யாத திரவம். காய்ச்சல், குளிர் நடுக்கம் என்று பலர் பாதிக்கப்பட்டார்கள், அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. பை பார்க்க உண்மையானது போலவே இருந்ததுதான் சிக்கல். பயிற்சிக்கு அப்படி இருக்க வேண்டும், அதனால்தான் ஆபத்தும்.

ஆகவே கூடத்துக்குள் வரும் ஒவ்வொரு ஆம்பூல், வையல், பை மேலும் வந்த நாளே "பயிற்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல" என்று அழியாத ஒட்டுச்சீட்டு. அட்டைப் பெட்டி மேல் ஒட்டினால் போதாது, பெட்டியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். வார்டுக்குக் கொடுக்கல் வாங்கல் அறவே கூடாது. அவசரத்துக்கு ஒரு பை கேட்டாலும் தரக் கூடாது, வார்டில் மிஞ்சியதை வாங்கினாலும் அதே நிமிடம் சீட்டு ஒட்ட வேண்டும். மாணவர்கள் மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகும் சிரிஞ்சுகளும் இதில் சேர்த்தி. வாசலில் பையைக் காலி செய்ய ஒரு தட்டு வையுங்கள்.

கூர்மைக் கழிவுப் பெட்டி ஒவ்வொரு மேசையிலும் கை எட்டும் தூரத்தில். முக்கால் நிரம்பியதும் மூடி மாற்ற வேண்டும். ஊசிக்கு உறையை மீண்டும் மாட்டக் கூடாது என்பது இங்கேயும் சட்டம். மாணவர் விரலில் குத்திக்கொண்டால் அது உண்மையான காயம்தான், அந்த ஊசி வேறொருவர் கைக்குப் போய் வந்திருக்கலாம். என்ன செய்ய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்ற தாள் சுவரில் இருக்கட்டும்.

#14 ஊசிமுனை

மருந்தலமாரி சொன்னது பொன்னெழுத்து. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பயிற்சிக் கைக்கு வலிக்காது, அது பேசாது. அதனால் மாணவர் அதனிடம் பெயர் கேட்க மாட்டார், ஒப்புதல் கேட்க மாட்டார். இதற்கு விலை உயர்ந்த மேனிகின் தேவையில்லை. நோயாளியாக நடிக்கப் பழகிய ஒருவரைக் கட்டிலில் உட்காரவைத்து, அவர் கைமேல் ஊசிப் பஞ்சணையைப் பட்டையால் கட்டுங்கள். அதற்கடியில் ஊசி துளைக்காத கெட்டிப் பிளாஸ்டிக் தகடு கட்டாயம். இனி மாணவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே குத்த வேண்டும். பயிற்சி பெற்ற நடிப்பு நோயாளி என்பது 1963-இல் மருத்துவர் பாரோஸ் தொடங்கிவைத்தது, 1975-இல் மருத்துவக் கல்வியாளர் ஹார்டன் அறிமுகப்படுத்திய ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்விலும் இன்றுவரை அதுதான் முதுகெலும்பு. பயிற்சிக் கையில் நன்றாகக் குத்தியவர் நடிப்பு நோயாளி "வலிக்குது" என்றதும் டூர்னிக்கெட்டை அவிழ்க்க மறப்பார். தேர்வுக்கு முன் ஒருமுறையாவது அந்தத் தடுமாற்றம் வர வேண்டும்.

#15 கைப்பழக்கம்

கதீட்டர் மாதிரி ஒன்று போதுமா? எங்கு விசாரித்தாலும் சீக்கிரம் கிழிகிறது என்கிறார்கள்.

#16 குழாய்க்காரர்

ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணு, ரெண்டும் வேணும். கிழியறதுக்குக் காரணம் பொதுவா ஒண்ணுதான்: குழாய் பைக்குள்ள போறதுக்கு முன்னாடியே பலூனை ஊதறது. சிறுநீர் வந்ததும் நிறுத்தக் கூடாது, ஆண் மாதிரியில குழாய் ரெண்டாப் பிரியற இடம் வரைக்கும் உள்ள தள்ளிட்டுத்தான் பலூனுக்கு 10 மில்லி தண்ணி. ஊதும்போது கை கனமா உணர்ந்தா நிறுத்தணும். நோயாளிக்கு அது சிறுநீர்ப்பாதைக் காயம், இங்க கிழிஞ்ச ரப்பர். எடுக்கும்போது முழு 10 மில்லியும் சிரிஞ்சுக்குத் திரும்பி வந்துச்சான்னு பார்க்காம இழுக்கிறது அடுத்த காரணம்.

14 இல்லேன்னா 16 சைஸ் போதும். தண்ணியில கரையற ஜெல்லை ரெண்டு பக்கமும் தாராளமா தடவுங்க. வகுப்பு முடிஞ்சதும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியைப் பெரிய சிரிஞ்சால உள்ள விட்டு அலசுங்க. காய்ஞ்ச ஜெல் உள்ள நின்னா அடுத்த வாரம் குழாய் பாதியில நிக்கும், மாணவர் அழுத்துவார், வால்வு போகும். அப்புறம் வயித்துத் தொட்டியை நிரப்பி, கசிவு இருக்கான்னு ஒரு கால் மணி நேரம் தாள் மேல வச்சுப் பாருங்க. தாள் நனைஞ்சா வால்வை மாத்திட்டு மறுபடி நிரப்பிப் பார்த்துட்டு, காய்ஞ்சப்புறம் அலமாரிக்கு.